தாளின் நான்காவது மூலை

எங்கள் நாட்டு வகுப்பறைகளில் மாஜோங் தாள் இல்லாமல் குழு நடவடிக்கை நடக்காது. தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இந்தப் பெயர் விளங்காது; அவர்கள் சார்ட் என்பார்கள். மாஜோங் ஆடும் மேசையில் விரிக்கிற மெல்லிய வெள்ளைத் தாள் இது. மலேசியாவில் அது சூதாட்ட மேசையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் குடிவந்து வெகுகாலம் ஆகிறது. ஒன்றை விரித்தால் இரண்டு மேசை நிறையும், நான்கு பிள்ளைகள் சுற்றி நிற்கலாம், விலையும் மலிவு. ஒரே குறை, மின்விசிறி சுற்றினால் பறக்கும்.

கிள்ளானில் பயிற்சி ஆசிரியராக நான் பயிற்றுப்பணி செய்த ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மின்விசிறி நன்றாகவே சுற்றியது. 28 பிள்ளைகள், ஏழு குழுக்கள். குழுக்களுக்குப் பழங்களின் பெயர். டுரியான் பெயருக்கு மட்டும் அடிதடி. அன்று விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்திருந்தார். பீடிகைக்கு ஒரு படம் காட்டினேன், வாசிப்புப் பகுதியைக் கொடுத்தேன், குமிழி வரைபடம் வரையச் சொன்னேன். வகுப்பு தேனடை மாதிரி இரைந்தது. அந்த இரைச்சல்தான் மாணவர் மையக் கற்றலுக்கு அடையாளம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே எனக்கு உள்ளூர நிம்மதி.

மங்குஸ்தீன் குழுவில் ஒரு சிறுமி மார்க்கர் பேனாவை வாங்கியவள் கீழே வைக்கவில்லை. இன்னும் இருவர் அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தார்கள், குமிழிகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். நான்காமவன் தாளின் ஒரு மூலையில் இடது உள்ளங்கையை அழுத்தி வைத்தபடி நின்றான். இருபது நிமிடமும் அப்படியே நின்றான். மற்ற மூன்று மூலைகளில் பென்சில் பெட்டிகள் இருந்தன.

படைப்பு முடிந்ததும் அந்தச் சிறுமி முறையிட்டாள்.

"டீச்சர், இவன் ஒன்னுமே செய்யல டீச்சர்."

"நான்தான டீச்சர் பேப்பர புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்வரிசையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த விரிவுரையாளரும் தலை நிமிராமல் புன்னகைத்தார். குழு நடவடிக்கை சிறப்பு, வகுப்புக் கட்டுப்பாடு நன்று என்று எழுதித் தந்துவிட்டுப் போனார்.

நாள் பாடத்திட்டத்தின் கடைசிக் கட்டத்துக்குச் சிந்தனை மீட்சி என்று பெயர். பெயரைக் கேட்டால் ஒருவர் தனியே உட்கார்ந்து நெடுநேரம் யோசித்து எழுதுவது போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு விரற்கடை உயரமுள்ள பெட்டி. அதில் எழுதுவதற்கும் ஒரு வாய்பாடு உண்டு: இத்தனை பேரில் இத்தனை பேர் இன்றைய பாட நோக்கத்தை அடைந்தனர், அடையாதவர்களுக்குக் குறைநீக்கல் பயிற்சி வழங்கப்பட்டது. நான் அன்று 28இல் 25 என்று எழுதினேன். மெதுவாக வாசிக்கும் மூவரைக் கழித்தது போக 25. மூலையைப் பிடித்தவன் அந்த 25இல் ஒருவன். அவன் நன்றாக வாசிப்பான். ஆனால் அன்று அவன் எதை அடைந்தான் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். பள்ளிக்குப் போகவும் வரவும் கொமுட்டர் ரயில். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்து 1886இல் போட்ட தடம் அது. சிலாங்கூரின் முதல் ரயில் பாதை.   

அன்று மாலை ரயிலில், பாடாங் ஜாவா தாண்டும்போது, எனக்கு ஓர் இடுபணி நினைவுக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் நான்கு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய குழு இடுபணி. அதன் தலைப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள்: கூடிக் கற்றலின் நன்மைகள். ஒரு தோழி மூன்று இரவு விழித்து முழுவதையும் எழுதினாள். நான் மேலட்டை தயாரித்தேன், கடைக்குப் போய் பைண்டிங் செய்து வாங்கி வந்தேன், வாட்ஸ்அப் குழுவில் அவள் அனுப்பிய ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டைவிரல் தூக்கிக் காட்டினேன். மேலட்டையில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண். அந்தப் பாடத்தில் நானும் தாள் பிடித்தவள்தான். வேறுபாடு என்னவென்றால், அவன் அதை வெளிப்படையாகச் சொன்னான்.

கூட்டமாகச் செய்யும்போது ஒவ்வொருவர் உழைப்பும் குறையும் என்பதை அளந்து பார்த்தவர் மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி விசையைக் கணக்கிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனித்தனியே இழுத்த விசையின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது. 1913இல் முடிவுகளை வெளியிட்டார். பொங்கல் விழாவில் கயிறு இழுத்தவர்களுக்கு இதெல்லாம் பொறியாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னால் நிற்பவர் முகம் சிவக்க முக்குவார். கயிறு அவர் கையில் தளர்ந்து தொங்கும்.

ஆனால் அந்தப் பையனைச் சோம்பேறி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சோம்பேறி இருபது நிமிடம் கையை எடுக்காமல் நிற்கமாட்டான்.

எங்கள் பாடங்களில் கூடிக் கற்றல் என்றால் வைகோட்ஸ்கி பெயரில் தொடங்கி ஜான்சன் சகோதரர்கள் பெயரில் முடிப்போம். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண் உண்டு. நன்னூலுக்கு இல்லை. பவணந்தி முனிவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அதன் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுக்க உள்வாங்கினாலும் கால்பங்கு அறிவுதான் சேரும். உடன்படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரை, கற்றதைப் பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் வரும். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது அழகான கணக்கு என்று மட்டும் நினைத்தேன். இப்போது அதை மங்குஸ்தீன் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். பேனா பிடித்தவள் முழுவதையும் எடுத்துக்கொண்டாள்: கேட்டாள், பேசினாள், வகுப்பின் முன் நின்று விளக்கினாள். சொல் எடுத்துக் கொடுத்தவர்களுக்கு அரை. மூலையில் நின்றவனுக்கு நான் கொடுத்த கால் மட்டும். அந்தக் காலை அவன் வரிசையில் தனியே உட்கார்ந்தே பெற்றிருப்பான். அவனுக்குக் கூடுதலாக என்ன கொடுத்தது என் குழு நடவடிக்கை? கைவலிதான்.

பேனா பிடிப்பவருக்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு, சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருவான், பாடம் ஒப்பிக்கக் கேட்பான், தேவையானால் அடிப்பான். சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பி, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை மற்றவர்களுக்கு ஆசானாக்கினார். ஊர் திரும்பி 1797இல் அதைப் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. நமது திண்ணை உலகத்துக்கே வழிகாட்டியது என்று மேடையில் பேசுகிறவர்கள் பெல்லின் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் அந்த முறை அத்தனை வேகமாகப் பரவியதற்குக் காரணம்.

வெள்ளிக்கிழமைகளில் அத்தையோடு ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலுக்குப் போவேன். அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பழக்கம். சிலாங்கூர்த் தோட்டப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஏழு வயது முதல் பதினான்கு வரை பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காக எழுந்த பள்ளிகள் பல ஒரே கூடம், ஒரே வாத்தியார் என்றுதான் இருந்தன. அந்த மாதிரி ஒரு கூடத்தில் அவர் படித்தார், பிறகு இன்னொன்றில் படிப்பித்தார். அவரிடம் நன்னூலையும் திண்ணையையும் உற்சாகமாக எடுத்துவிட்டேன். பிரசாதத்தை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, அப்பவே உங்க வகுப்பில எல்லாம் கூடிக் கற்றல்தான் நடந்திருக்கு, இல்லையா?"

"அதுக்குப் பேரெல்லாம் கிடையாதும்மா. ஆறு வகுப்பு, ஒரு ஆளு. பெரியவனக் கூப்பிட்டு, டேய், நீ போய் ரெண்டாம் வகுப்பப் பாத்துக்கன்னு சொல்லிடுவேன். சின்னதுங்க நல்லா படிச்சுதுங்க. அவன் படிப்பு என்னாச்சுன்னு நான் கேக்கல. அவனும் கேக்கல. ஆறாம் வகுப்பு முடிச்சதும் பால் மரத்துக்குப் போயிட்டான்."

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "நீ அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வேலை குடும்மா. சும்மா நிக்கிற பிள்ளைய நான் பாத்ததே இல்ல. வேலை இல்லாத பிள்ளையத்தான் பாத்திருக்கேன்."

நன்னூல் கணக்குக்கு அவர் பதிலே சொல்லவில்லை. சொல்லித் தந்தவனுக்கு அரைப்பங்கு சேரும் என்ற கணக்கு அந்தக் கூடத்தில் பொய்த்தும் போயிருக்கிறது. ஏற்கெனவே தெரிந்ததையே நாள் முழுக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த அறிவு வளரும்?

வேலை கொடுப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஜிக்சா முறை ஒன்றுதான். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை பிரித்து வைத்திருந்த வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது சண்டை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் அறிவுரை எதுவும் சொல்லாமல் பாடத்தை வெட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. மற்றத் துண்டுகளைத் தெரிந்துகொள்ள மற்றவர்கள் வாயைத்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலம் திக்கும் பிள்ளையைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவருக்கு. நட்பாயிருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நட்பைத் தேவையாக்கிய இந்தத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரண்டு வாரம் கழித்து, மேற்பார்வை இல்லாத ஒரு நாளில், கிள்ளான் துறைமுகம் பற்றி நானே ஒரு வாசிப்புப் பகுதி எழுதி நான்காக வெட்டினேன். முதல் துண்டு, போர்ட் சுவெட்டன்ஹாம் 1901இல் திறந்ததும் மலேரியா வந்து ஆட்கள் மடிந்ததும் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்துக் காய்ச்சலை அடக்கியதும். இரண்டாவது, ரயில் பாதை. மூன்றாவது, 1972இல் பெயர் கிள்ளான் துறைமுகம் என்று மாறியது. நான்காவது, இன்றைய கொள்கலன்கள். 2023இல் மட்டும் இருபதடிக் கொள்கலன் கணக்கில் 14 மில்லியனுக்கு மேல், துறைமுகம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

நினைத்தபடி நடக்கவில்லை. இரண்டு பேர் வராததால் இரண்டு குழுக்களில் ஒரு துண்டு அநாதையாகக் கிடந்தது. டுரியான் குழுவில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் சிறுமியின் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி இன்னொருவன் கடகடவென்று வாசித்து முடித்துவிட்டான். அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். ஆஸ்டினில் தேவை நட்பை உண்டாக்கிற்று. இங்கே தேவை பிடுங்கக் கற்றுக் கொடுத்தது. அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. பதினைந்து நிமிடம் என்று நேரம் வைத்து அவசரப்படுத்தியவள் நான்.

மூலைப் பையனுக்கு நான்காவது துண்டு வாய்த்தது. அதை வாசித்துக் காட்டியவன், தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தான்.

"எங்கப்பா கொண்டேனர் லோரி ஓட்டுறாரு. கேட்டுக்கு வெளிய வரிசையில நிப்பாரு. நம்பர் வர்ற வரைக்கும் லோரியிலயே படுத்துக்குவாரு. துறைமுகந்தான் தூங்காது, எங்கப்பா தூங்குவாரு."

அந்த வகுப்பில் அவன் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. பேனா பிடித்த சிறுமி தயங்கினாள். பிறகு லோரியைக் கனவுந்து ஆக்கி, படுத்துக்கொள்வதை உறங்குவதாக்கி, ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இது பாடத்துல இல்லையே?"

வாசிப்புப் பகுதியில் இருப்பதை மட்டும் எழுதுங்கள் என்று பாடத் தொடக்கத்தில் நான்தான் சொல்லியிருந்தேன். பாட நோக்கத்தில் அப்படித்தான் இருந்தது. டுரியான் குழுவில் அழுகை கூடிக்கொண்டிருந்தது. "ஆமா, இல்ல" என்று சொல்லிவிட்டு அங்கே ஓடினேன். திரும்பி வந்தபோது அந்த வரியின்மேல் அடிக்கோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டிருந்தாள். பையன் மூலைக்குத் திரும்பியிருந்தான். அன்று மின்விசிறிகூட ஓடவில்லை.

பன்னாட்டுப் பீசா மதிப்பீட்டில் 2015ஆம் ஆண்டு கூடிச் செயல்பட்டுச் சிக்கல் தீர்க்கும் திறனையும் சோதித்தார்கள். அண்டை வீடான சிங்கப்பூர் 561 புள்ளி எடுத்து முதலிடம். எங்கள் விரிவுரைகளில் இது அடிக்கடி வரும். அந்தச் சோதனையில் பிள்ளைகள் கூடிச் செயல்பட்டது கணினிக்குள் எழுதி வைத்த தோழர்களோடு என்பது மட்டும் விரிவுரையில் வராது. கணினித் தோழன் அழமாட்டான், பிடுங்கமாட்டான், அவனுக்கு லோரி ஓட்டும் அப்பாவும் கிடையாது.

அந்த வாசிப்புப் பகுதிக்காகக் கிள்ளான் வரலாற்றைத் துழாவியபோது, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த ஒன்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. அரசு நாதனைப் பிடித்து நாடு கடத்தியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் பல தடவை வாசித்தேன். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவம், கள்ளுக்கடை மூடல், சங்கம் வைக்கும் உரிமை. இவற்றை எந்தத் தலைவரும் எழுதிவிடுவார். ஆனால் நடுவில் இன்னொரு வரி இருக்கிறது. வெள்ளைக்காரத் துரையோ தோட்ட எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்த வரியை யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் ஊகம்தான், ஆனால் இது மேசையில் உட்கார்ந்து எழுதியவரின் வரியாக எனக்குப் படவில்லை. தினமும் செம்மண் பாதையில் சைக்கிளை விட்டு இறங்கி, தலை குனிந்து நின்று, மறுபடி ஏறி மிதித்தவன் ஒருவன் கூட்டத்தின் ஓரத்திலிருந்து சொல்லியிருக்க வேண்டும். கூலிக்கும் கல்விக்கும் நடுவே சைக்கிளா என்று யாராவது சிரித்திருக்கலாம். எழுதியவர் அதை அடிக்கவில்லை. எண்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டியலை வாசிக்கும் எனக்கு, அது பலர் சேர்ந்து செய்தது என்று நம்பவைப்பது அந்த ஒரு வரிதான்.

இப்போது குழுப் படைப்புகளை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. வண்ணம், கையெழுத்து, எத்தனை குமிழி என்பதெல்லாம் பேனா பிடித்தவரைப் பற்றித்தான் சொல்லும். அவரால் எழுதியிருக்க முடியாத வரி ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று தேடுகிறேன். இல்லாவிட்டால் நான்கு பெயர் போட்ட தனியாள் வேலை அது. என் பழைய இடுபணியைப் போல. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை 2021இல் நீக்கிய பிறகு வகுப்புசார் மதிப்பீட்டுக்கு எடை கூடிவிட்டது. அதில் பிள்ளைக்கு 1 முதல் 6 வரை அடைவுநிலை கொடுப்பது ஆசிரியரின் கண்ணும் காதும்தான். குழு வேலையைப் பார்த்துத் தனிப்பிள்ளைக்கு எண் போடும் ஒவ்வொரு தடவையும் அந்த உள்ளங்கை என் நினைவுக்கு வருகிறது.

ஜிக்சா வகுப்பின் சிந்தனை மீட்சியில் 26இல் 22 என்று எழுதினேன். பெட்டியில் இடம் அவ்வளவுதான். மங்குஸ்தீன் குழுவின் தாள் இன்னும் அந்த வகுப்பின் பின்சுவரில் இருக்கும் என்று நினைக்கிறேன். பயிற்றுப்பணி முடிந்து நான் கிளம்பிய அன்று இருந்தது. அடுத்த தவணையில் வேறு யாராவது பயிற்சி ஆசிரியர் அங்கே வருவார். உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். சுவரைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். கிழிப்பதற்கு முன், கீழ்வரிசையில் அடித்துவிட்ட வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பையன் இப்போது ஆறாம் ஆண்டில் இருப்பான். அவனைக் கூப்பிட்டு, அப்பா நேற்று எத்தனை மணிக்கு வந்தார் என்று கேளுங்கள்.